வெறும் தண்ணீர்

மாமாவின் கார் தயாரானதும் என் மகள் சுண்டுவை அழைத்துக்கொண்டு போய்விடுவார்கள். அதைத் தயார் செய்ய வேண்டியவன் நான்தான்.

ஒருமுறை கிளம்பியும் விட்டார்கள். அத்தை சுண்டுவின் சட்டைகளை மடித்துப் பையில் வைத்தார். மாமா என் தோளைத் தொட்டு, "அடிக்கடி வந்து பாருங்க மாப்பிள்ளை" என்றார். சுண்டு பின் இருக்கையில் பொம்மையோடு உட்கார்ந்து கையசைத்தாள். கார் தெருமுனையில் திரும்பியது. நான் உள்ளே வந்து, அவள் குடித்து மீதி வைத்திருந்த பாலைத் தொட்டியில் ஊற்றினேன். டம்ளரைக் கழுவிக் கவிழ்ப்பதற்குள் வாசலில் பேச்சுச் சத்தம் கேட்டது.

மூன்று பேரும் நடந்து திரும்பி வந்திருந்தார்கள்.

"தாத்தா கார் மூச்சா போயிடுச்சு" என்றாள் சுண்டு. அவளுக்கு அது பெரிய சந்தோஷம்.

தெருமுனைக்குப் போய்ப் பார்த்தேன். என்ஜினின் அடியில் செம்மண் நிறத்தில் ஒரு குட்டை. வெப்பமானியின் முள் மேல் கோட்டைத் தொட்டு நின்றது. மூடியைத் திறக்கப்போன மாமாவின் கையைப் பிடித்துத் தடுத்தேன். ஆவி முகத்தில் அடித்திருக்கும். அவர் கையை உருவிக்கொண்டார்.

"ரேடியேட்டர்ல ஓட்டையா இருக்கும்" என்றார்.

"இல்ல மாமா. பிளாக்ல இருந்து வருது. பிளக் போயிருக்கு."

"பிளக்தானே? அதை நானே மாத்துவேன். அஞ்சு நிமிஷ வேலை."

"அது ஸ்பார்க் பிளக். இது வேற."

அவர் என்னைப் பார்க்காமல் காரைப் பார்த்துக்கொண்டிருந்தார். வலது கைப் பெருவிரலைச் சுட்டுவிரலால் தேய்த்தபடி இருந்தார். விரல் நுனியில் பழைய தோல் உரிந்து, இளஞ்சிவப்பாகப் புதுத்தோல் வந்திருந்தது. கொஞ்ச நாளாக அப்படித் தேய்ப்பது அவருக்குப் பழக்கமாகியிருந்தது.

என்ஜினின் உடம்பு ஒரே இரும்பு வார்ப்பு. அதைத்தான் பிளாக் என்கிறோம். வார்க்கும்போது உள்ளே இருக்கும் மணலை வெளியேற்றப் பக்கங்களில் துளை விடுவார்கள். பிறகு அந்தத் துளைகளில் கிண்ணம் போன்ற சின்னத் தகட்டு மூடிகளை அடித்து இறுக்குவார்கள். அதுதான் இந்தப் பிளக். அதற்கு அந்தப் பக்கம் முழுக்கத் தண்ணீர் ஓடும். குளிர்விக்கும் திரவம் ஊற்ற வேண்டிய இடத்தில் வெறும் தண்ணீரை ஊற்றிக்கொண்டே இருந்தால் தகடு உள்ளிருந்து துருப்பிடிக்கும். வெளியே இருந்து பார்த்தால் ஒன்றும் தெரியாது.

மாமா எப்போதும் வெறும் தண்ணீர்தான் ஊற்றுவார். "கலர்த் தண்ணியை வித்துக் காசு பாக்கிறானுங்க" என்பார்.

அந்தக் காரை அதுவரை நான் தொட்டதில்லை. என்ஜினியரிங் படித்துவிட்டு ஸ்பேனர் பிடிக்கிற மாப்பிள்ளையிடம் காரை விடுவதில்லை என்பது அவர் வைராக்கியம். ஒரு விசேஷ வீட்டில் நாலு பேர் முன்னால், "எங்க மாப்பிள்ளை பட்டம் வாங்கிட்டார், அதுல கிரீஸ் துடைச்சுக்கிறார்" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். என் மனைவி மட்டும் சிரிக்கவில்லை. "அப்பா தன் வண்டியை உங்க கையில கொடுக்கிற அன்னிக்கு உங்களை ஏத்துக்கிட்டார்னு அர்த்தம்" என்று அவள் சொல்வாள்.

அவள் இறந்து ஒரு மாதம் ஆகியிருந்தது. முதலில் காய்ச்சல். பிறகு ரத்தத்தில் கிருமி என்றார்கள். அவ்வளவுதான். அதைப் பற்றி எனக்குச் சொல்லத் தெரியவில்லை. சொல்லத் தெரியாததுதான் மாமாவுக்கு என்மேல் இருந்த கடைசிக் குறை.

"நீங்க வாயே திறக்கிறதில்ல மாப்பிள்ளை" என்றார் ஒரு நாள். "காலையில போறீங்க, இருட்டினப்புறம் வர்றீங்க. வந்தும் சுவத்தைப் பாத்து உட்காந்திருக்கீங்க. பிள்ளை சுவத்தோடவா வளரும்? நாங்க கூட்டிட்டுப் போறோம்."

நான் சரி என்றும் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை. அவர்கள் அதைச் சரி என்று எடுத்துக்கொண்டார்கள்.

*

காரைக் கயிறு கட்டி இழுத்து எங்கள் பட்டறைக்குக் கொண்டுவந்தோம். இழுத்தவர் ரேடியோ. பட்டறையில் எனக்கு மூத்தவர். யாரும் அணைக்க முடியாது என்பதால் அந்தப் பெயர்.

"கேட்கிறேன்னு தப்பா எடுத்துக்காத என்ஜினியர்" என்றார், காரின் முகப்பைத் திறந்து கம்பியில் நிறுத்திக்கொண்டே. "இந்த வண்டி ஓடினா உன் பொண்ணு போயிடுவா. அப்படித்தானே?"

"ஆமாண்ணே."

"அப்ப எதுக்கு இப்படிப் பறக்கிற? ஒரு நட்டைத் தொலைச்சுடு. நான் தேடறேன். தேடறதுல என்னை மிஞ்ச ஆளில்ல, ஒண்ணும் கிடைக்காது."

நான் புகைக்குழாய்த் தொகுதியின் நட்டுகளில் எண்ணெய் விட்டுக்கொண்டிருந்தேன். அதைக் கழற்றினால்தான் பக்கவாட்டுப் பிளக்குகள் முழுதாகத் தெரியும். அதற்கு முன் இடுக்கு வழியாக ஒரு கை மட்டும் நுழையும்.

"என்னைப் பெத்தவரே நான் எப்ப ஓடிப்போவேன்னு காத்திருந்தார்" என்றார் ரேடியோ. "உன் மாமனார் பரவாயில்ல, பேத்தியாவது வேணுங்கறார்."

அவர் இன்னும் பேசினார். நான் வேலையில் இருந்தேன். மெதுவாகவும் செய்யவில்லை, வேகமாகவும் செய்யவில்லை. கைக்கு ஒரே வேகம்தான் தெரியும். அந்த ஒரு மாதமாக என்னை நகர்த்திக்கொண்டிருந்தது அதுதான்.

தொகுதியைக் கழற்றிக் கீழே வைத்தேன். விளக்கை உள்ளே தொங்கவிட்டேன். பிளாக்கின் அந்தப் பக்கத்தில் மூன்று பிளக்குகள். முதலாவதும் மூன்றாவதும் பழுப்பாக, பார்வைக்கு நன்றாக இருந்தன. நடுவில் இருந்ததைக் காணவில்லை. அந்த இடத்தில் சாம்பல் நிறத்தில் ஒரு கட்டி இருந்தது.

இரண்டு குச்சிகளாக வாங்கிப் பிசைந்து ஒட்டுவார்களே, அந்தப் பசை. தண்ணீர்க் குழாய் வெடிப்புக்கு வீட்டில் எல்லோரும் வைத்திருப்பது. பிசைந்தால் மாவு போல இருக்கும், காய்ந்தால் கல். யாரோ அதைத் துருப்பிடித்த பிளக்கின்மேல் அப்பியிருந்தார்கள். ஓரத்தில் விரிசல் விட்டுத் தண்ணீர் அதன் வழியாகத்தான் வந்திருந்தது.

கட்டியின் நடுவில் ஒரு பெருவிரல் பதிந்திருந்தது. ரேகைகள் தெளிவாக இருந்தன. ரேகைகளுக்குள் தூசி படிந்திருந்தது.

உளி வைத்துத் தட்டினேன். கட்டி முழுதாகக் கழன்று கையில் வந்தது. அப்போது கீழே, என்ஜினைத் தாங்கும் கிளாம்பின்மேல், இன்னொரு கட்டி ஒட்டியிருப்பதைப் பார்த்தேன். அது நசுங்கி வழிந்திருந்தது. முதலில் வைத்தது நிற்காமல் சரிந்து விழுந்திருக்க வேண்டும். அதையும் பெயர்த்து வெளிச்சத்தில் பிடித்தேன்.

அதில் காய்ந்த தோல் ஒரு துண்டு ஒட்டியிருந்தது. நகத்தளவு இருக்கும்.

என்ஜின் கொதித்துக்கொண்டிருக்கும்போது ஒருவர் வெறும் விரலால் பசையை அழுத்தியிருக்கிறார். விரல் சுட்டிருக்கிறது. பசை சரிந்திருக்கிறது. பிறகு அவர் காத்திருந்திருக்கிறார். இரண்டாவதாக வைத்த கட்டியில் ரேகை கலையாமல் இருந்தது. பிளாக் முழுக்க ஆறிய பிறகுதான் அப்படி நிதானமாக அழுத்த முடியும். அழுத்திய பிறகு பசை கல்லாகும்வரை மறுபடியும் காத்திருக்க வேண்டும். அதற்குப் பிறகுதான் தண்ணீர் ஊற்றலாம். அதற்குப் பிறகுதான் வண்டி நகரும்.

அரைப்பகல் போய்விடும்.

என் மனைவி போன அன்று காலையில் டாக்டர் என்னை வெளியே கூப்பிட்டு, "வர வேண்டியவங்களை வரச் சொல்லுங்க" என்றார். அத்தை ஏற்கெனவே வந்து எங்களோடு இருந்தார். மாமாவுக்குப் போன் செய்தேன். "இப்பவே கிளம்பறேன்" என்றார். கிளம்பினால் மதியத்துக்குள் வந்துவிடலாம். அவள் கண்ணைத் திறக்கும்போதெல்லாம், "அப்பா வந்தாச்சா?" என்று கேட்டாள். வந்துகொண்டிருக்கிறார் என்றேன். மதியத்துக்குப் பிறகு கேட்பதை நிறுத்திவிட்டாள். மாமா வந்தபோது சாயங்காலம். கட்டில் காலியாக இருந்தது.

"லாரி கவிழ்ந்து ரோடு அடைச்சுக்கிச்சு" என்றார். வலது பெருவிரலில் கைக்குட்டை சுற்றியிருந்தது. வழியில் டீ கொட்டிவிட்டதாகச் சொன்னார். ஆஸ்பத்திரியில் கையெழுத்துப் போட அவரால் பேனாவைப் பிடிக்க முடியவில்லை. நான்தான் போட்டேன்.

இரண்டு கட்டிகளையும் சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன்.

பிறகு பிளக்கை எடுக்கச் சுத்தியலை ஓங்கினேன். ஓரத்தில் மெல்லத் தட்டினால் பிளக் குறுக்காகத் திரும்பும், குறடால் பிடித்து இழுத்துவிடலாம். பட்டறையில் சேர்ந்த முதல் வாரமே கற்றுக்கொள்கிற வேலை. நான் அடித்த அடியில் பிளக் மொத்தமாக உள்ளே போய்விட்டது. பிளாக்குக்குள் எங்கோ விழுந்து உருளும் சத்தம் கேட்டது.

ரேடியோ எட்டிப் பார்த்தார். "பிளக்கை மாத்தச் சொன்னா முழுங்க வெச்சுட்டியே!"

கம்பியின் நுனியில் காந்தம் கட்டித் துளைக்குள் விட்டுத் துழாவினேன். சேறு வந்தது. துருச் செதில் வந்தது. பிளக் வரவில்லை. மத்தியானம் முழுக்க அதில் போனது.

"இந்நேரம் குளத்துல தூண்டில் போட்டிருந்தா குழம்புக்காவது ஆகியிருக்கும்" என்றார் ரேடியோ. பிறகு என் முகத்தைப் பார்த்துவிட்டு வேறு பக்கம் போனார். அவர் பேசாமல் இருந்து நான் பார்த்தது அன்றுதான்.

ஒருவழியாகப் பிளக் காந்தத்தில் ஒட்டிக்கொண்டு வந்தது. தகட்டின் நடுவில் ஊசி நுழையும் ஓட்டை. ஓட்டையைச் சுற்றிக் காகித மெல்லிசு.

*

சாயங்காலம் வீட்டில் மாமா என் கையைப் பார்த்துக் கேட்டார். "ஆச்சா?"

"ஒண்ணு எடுத்திருக்கேன். எல்லாத்தையும் மாத்தணும்."

"ஒழுகினது ஒண்ணுதானே?"

"ஒண்ணு போனா மத்ததும் அதே வயசுதான் மாமா. ஒண்ணை மட்டும் அடைச்சா அழுத்தம் அடுத்ததைத் தள்ளும். பின்பக்கமும் ஒண்ணு இருக்கு. அதுக்குக் கியர்பாக்ஸை இறக்கணும்."

"கண்ணுக்கே தெரியாத இடத்துல எதுக்கு வேலை?" என்றார். பிறகு அத்தையிடம் திரும்பி, "பாரு, உன் மாப்பிள்ளை வண்டியை அக்கு அக்காப் பிரிச்சுப் போட்டுடுவார். நாம நடந்துதான் போகணும்" என்றார்.

"நிதானமா செய்யட்டும். நடுவழியில நின்னா பிள்ளையை வெச்சுக்கிட்டு நாம என்ன பண்றது?" என்றார் அத்தை. சுண்டுவுக்குச் சோறு ஊட்டிக்கொண்டிருந்தார். சுண்டு ஒவ்வொரு வாய்க்கும் பொம்மைக்குக் கொடுப்பது போலக் காட்டிவிட்டுத் தான் சாப்பிட்டாள்.

"வண்டி மட்டுமா நின்னது அன்னிக்கு" என்று அத்தை சொன்னார்.

மாமாவின் கை தட்டில் நின்றது.

"ரோடே நின்னுபோச்சே. எவனோ ஒரு பாவி, குடிச்சுட்டுத்தான் ஓட்டியிருப்பான். லாரியைக் கவிழ்த்துப் போட்டு, பெத்த பொண்ணு முகத்தை இவர் பார்க்க விடாம பண்ணிட்டான். விளக்கேத்தும்போதெல்லாம் அவனைச் சபிக்கிறேன். அவன் குடும்பம் விளங்காது. அவன் கை..."

"சோறு ஊட்டும்போது என்ன பேச்சு?" என்றார் மாமா.

"ஏன், பேசினா என்னவாம்? எவ்வளவு கேட்டா அவ. அப்பா வந்தாச்சா, அப்பா வந்தாச்சான்னு. உங்க காதுல விழலை. என் காதுல விழுந்துச்சு."

மாமா எழுந்து கை கழுவப் போனார். தட்டில் பாதிச் சோறு இருந்தது. குழாயடியில் தண்ணீர் ஓடும் சத்தம் நிற்கவே இல்லை.

சட்டைப் பையைத் தொட்டுப் பார்த்தேன். கட்டிகள் இருந்தன.

சுண்டு என்னிடம் வந்து தன் வாயைத் துடைக்கச் சொல்லிக் காட்டினாள். துடைத்தேன். அவள் இப்போதெல்லாம் என்னிடம் எதையும் பேசிக் கேட்பதில்லை. காட்டுகிறாள். நான் பேசுவதில்லை என்று தெரிந்துகொண்டுவிட்டாள். அத்தை அதைக் கவனித்தார். மாமா சொல்வது தப்பில்லை என்று அந்த நேரத்தில் எனக்கும் தெரிந்தது.

*

மறுநாள் கியர்பாக்ஸை இறக்கினோம். ரேடியோ கீழே படுத்துத் தாங்கிக்கொண்டார். சுழல் சக்கரத்தைக் கழற்றினேன். அதற்குப் பின்னால், பிளாக்கின் முதுகில் அந்தப் பிளக் இருந்தது. துடைத்ததும் பளிச்சென்று தெரிந்தது. ஒழுகல் இல்லை, கறை இல்லை.

ஸ்க்ரூ டிரைவரின் நுனியை வைத்து லேசாக அழுத்தினேன். உள்ளே போய்விட்டது. அப்பளம் நொறுங்குவது போலத்தான் இருந்தது. ஓட்டையிலிருந்து சிவப்புத் தண்ணீர் என் முழங்கைவரை வழிந்தது.

"அடேங்கப்பா" என்றார் ரேடியோ கீழே இருந்து. "இது அடுத்த மேடு ஏறும்போது போயிருக்கும். குழந்தை வேற உள்ள இருந்திருக்கும்."

"ஆமாண்ணே."

"உன் மாமனார்கிட்ட சொல்லு. உனக்கு ஒரு மாலை போடணும் அவர்."

மீதி இரண்டு பிளக்குகளையும் எடுத்துவிட்டு, நான்கு துளைகளின் உள்விளிம்பையும் உப்புத்தாளால் தேய்த்தேன். விரலை விட்டுத் தடவினேன். வழவழப்பு வரும்வரை தேய்த்தேன். புதியவற்றைப் பித்தளையில் வாங்கியிருந்தேன், துருப்பிடிக்காது. விளிம்பில் பசை தடவி, துளையில் நேராக உட்காரவைத்து, கிண்ணத்துக்குள் சரியாக அமரும் சாக்கெட்டை வைத்துத் தட்டினேன். பிளக் இறங்கும்போது சத்தம் காலிக் குடம் போல இருக்கும். சரியாக உட்கார்ந்ததும் சத்தம் கெட்டியாகும். அப்போது நிறுத்திவிட வேண்டும். இன்னும் ஒரு தட்டுத் தட்டினாலும் கெட்டுவிடும்.

நான்கையும் சரியாக நிறுத்தினேன்.

பிளாக்குக்குள் தண்ணீரை விட்டுக் கழுவினேன். சிவப்பாக வந்தது, பிறகு மஞ்சளாக, கடைசியில் தெளிவாக. எல்லாவற்றையும் திரும்ப மாட்டினோம். பச்சைத் திரவம் ஊற்றினேன். ரேடியேட்டரின் வாயில் கைப்பம்பைப் பொருத்தி அழுத்தம் ஏற்றினேன். முள் ஏறி நின்றது. டீ குடித்துவிட்டு வந்து பார்த்தோம். முள் அதே இடத்தில் இருந்தது.

"போச்சு" என்றார் ரேடியோ. "நல்லா செஞ்சுட்ட."

*

அடுத்த நாள் காலையில் மாமா தனியாகப் பட்டறைக்கு வந்தார். காரைச் சுற்றி நடந்தார். குனிந்து அடியில் பார்த்தார். நான் என்ஜினை ஓட விட்டிருந்தேன். முள் நடுவில் நின்றது. தரை காய்ந்திருந்தது.

"பித்தளையிலயா போட்டீங்க?" என்றார். மேஜைமேல் கிடந்த மிச்ச ஒன்றை எடுத்துப் பார்த்தார். "என்ன, அண்டாவுக்கு அடி போடறீங்களா?" சிரிக்கப் பார்த்தார். "சரி. நல்லா ஓடுது. உங்களுக்குத் தொழில் தெரியுது மாப்பிள்ளை. நாங்க மத்தியானமே கிளம்பறோம். குழந்தை பை அப்படியேதான் கட்டி இருக்கு."

அந்த வார்த்தைக்காகத்தான் என் மனைவி எத்தனையோ நாள் காத்திருந்தாள். உங்களுக்குத் தொழில் தெரியுது. எனக்கு ஒன்றும் தோன்றவில்லை.

என்ஜினை அணைத்தேன். சட்டைப் பையிலிருந்து கட்டிகளை எடுத்து அவர் உள்ளங்கையில் வைத்தேன். முதலில் ரேகை பதிந்த கட்டி. பிறகு நசுங்கிய கட்டி.

அவர் என்னவென்று கேட்கவில்லை. பெருவிரல் தானாக மடங்கி, மற்ற விரல்களுக்குள் போய் ஒளிந்துகொண்டது.

"எங்க இருந்துச்சு?"

"நடுப் பிளக்குல. சின்னது கிளாம்புல."

ரேடியோ ஒரு ஸ்பேனரை எடுத்துக்கொண்டு வெளியே போனார். அவருக்கு அங்கே வேலை ஒன்றும் இல்லை.

"லாரி கவிழ்ந்தது நிஜம்" என்றார் மாமா. "ஒரு பக்கமா வழி விட்டுக்கிட்டுத்தான் இருந்தாங்க. அங்க நின்னு நின்னுதான் வண்டி சூடாச்சு. ஓரமா நிறுத்தினேன். பசை கையில இருந்துச்சு. வீட்டுக் குழாய்க்கு வாங்கினது." கையை மூடிக்கொண்டார். "கை சுட்டுச்சு. அப்புறம் ஆறட்டும்னு மரத்தடியில உட்காந்தேன்."

நான் அவரைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"எத்தனை பஸ் போச்சு தெரியுமா? ஒண்ணுக்கும் கை காட்டலை. இதோ காஞ்சிடும், இதோ காஞ்சிடும்னு. போன் இருந்துச்சு. உங்களைக் கூப்பிட்டிருந்தா வழி சொல்லியிருப்பீங்க. இல்ல, வண்டியை விட்டுட்டு வாங்கன்னு சொல்லியிருப்பீங்க. உங்ககிட்ட எப்படிக் கேக்கிறது? அவளுக்கு ஒண்ணும் ஆகாதுன்னு நினைச்சேன். காய்ச்சல்தானே, ஆஸ்பத்திரிக்காரங்க பயமுறுத்துவாங்கன்னு..."

கட்டிகளைத் தன் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்.

"அத்தைக்குத் தெரியுமா?" என்று கேட்டேன்.

அவர் நிமிர்ந்து பார்த்தார். அவர் என் கண்ணை நேராகப் பார்த்தது அதுவே முதல் தடவை என்று நினைக்கிறேன்.

"சுண்டு இங்கேயே இருக்கட்டும்" என்றேன்.

இரண்டு வாக்கியங்களையும் அடுத்தடுத்து வைத்தேன். தெரிந்துதான் வைத்தேன். ஒரு மாதத்தில் நான் சேர்ந்தாற்போல் பேசியது அவ்வளவுதான். வேண்டாம், என் பிள்ளையை எடுத்துக்கொண்டு போகாதீர்கள் என்று மட்டும் சொல்லியிருக்கலாம். அது வாயில் வரவில்லை. இது வந்தது.

"அவகிட்ட சொல்லிடாதீங்க தம்பி" என்றார். எப்போதும் மாப்பிள்ளை என்பவர். "நாப்பது வருஷம் குடித்தனம் பண்ணிட்டேன். அவ லாரிக்காரனைத் திட்டறா. திட்டட்டும். நான்னு தெரிஞ்சா அவ என்கூட ஒரு வேளை சோறு சாப்பிட மாட்டா."

நான் பதில் சொல்லவில்லை. சொல்லாமல் இருப்பதே போதும் என்று எனக்குத் தெரிந்தது.

அவர் சாவியைக் கேட்டுக் கை நீட்டினார். கொடுத்தேன். காரில் ஏறி உட்கார்ந்து வெகுநேரம் சாவியைத் திருப்பவில்லை. பிறகு கண்ணாடியை இறக்கினார்.

"அந்தப் பச்சைத் தண்ணி" என்றார். "அதை எப்பெப்ப மாத்தணும்?"

சொன்னேன். ஒரு கேனை எடுத்துப் பின்பக்கம் வைத்தேன்.

*

வீட்டில் அத்தைக்கு ஒன்றும் புரியவில்லை.

"என்ன திடீர்னு? நேத்துவரைக்கும் சரின்னு இருந்தவங்கதானே? பிள்ளையை யார் பார்ப்பா? தலை யார் வாரி விடுவா? உங்களுக்குச் சடை பின்னத் தெரியுமா மாப்பிள்ளை?"

"கத்துக்கிறேன் அத்தை."

"நீங்க சொல்லுங்களேன்!" என்றார் மாமாவிடம். "வாய்ல என்ன கொழுக்கட்டையா?"

மாமா சுண்டுவின் பையை அவிழ்த்து, சட்டைகளை ஒவ்வொன்றாக எடுத்துக் கட்டில்மேல் வைத்துக்கொண்டிருந்தார். "மாப்பிள்ளை சொல்றது சரிதான்" என்றார். "பெத்தவன்கிட்ட இருக்கிறதுதான் முறை."

"நேத்து அது முறை இல்லையா?"

அவர் கடைசிச் சட்டையை மடித்தார். ஏற்கெனவே மடிந்திருந்ததைப் பிரித்து மறுபடியும் மடித்தார்.

அத்தை அழுதார். என்னைத் திட்டினார். கல் என்றார். என் மகளை இந்தக் கல்லுக்கா கட்டிக் கொடுத்தேன் என்றார். மாமாவையும் திட்டினார், முதுகெலும்பு இல்லாதவர் என்று. மாமா அத்தனையையும் வாங்கிக்கொண்டார். லாரிக்காரனை அத்தை அன்று திட்டவில்லை.

கார் கிளம்பியது. சத்தம் சீராக இருந்தது. அத்தை கண்ணாடி வழியாகத் திரும்பித் திரும்பிப் பார்த்தார். மாமா திரும்பவில்லை. ஸ்டீயரிங்கை இறுக்கிப் பிடித்திருந்தார், பெருவிரல்களை உள்ளே மடக்கி. தெருமுனையில் கார் திரும்பியது.

சுண்டு அழவில்லை. கார் நின்ற இடத்துக்குப் போய்க் குந்தி உட்கார்ந்தாள். தரையை உற்றுப் பார்த்தாள். உள்ளங்கையால் தடவினாள். காய்ந்த தூசி ஒட்டிக்கொண்டது. எழுந்து தெருமுனையைப் பார்த்தாள். மறுபடியும் குந்தினாள்.

நான் கதவருகே நின்றேன். போன தடவை பாலைக் கொட்டி டம்ளரைக் கழுவுவதற்குள் அவர்கள் திரும்பி வந்தது நினைவுக்கு வந்தது.

"உள்ள வா" என்றேன்.

அவள் வரவில்லை. பொம்மையைப் பக்கத்தில் உட்காரவைத்தாள். வெயில் சுவரில் ஏறும்வரை அங்கேயே இருந்தாள். நான் அவள் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். என்ன சொல்வது என்று யோசித்தேன்.

அவள்தான் பேசினாள்.

"தாத்தா கார் மூச்சா போனா பாட்டி வந்துடுவா."

தெருமுனையிலேயே அவள் கண் இருந்தது. நான் அந்த நான்கு பிளக்குகளையும் நினைத்தேன். கெட்டியான அந்தச் சத்தத்தை நினைத்தேன்.

"போகாது" என்றேன்.